தரகரில்லா வாடகை வீடு (சென்னை)

தரகரில்லா வாடகை வீடு என்பது, இடைத்தரகர் எவருக்கும் தரகு செலுத்தாமல், வீட்டு உரிமையாளரிடமிருந்தோ அவ்வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரரிடமிருந்தோ நேரடியாக அறிந்து வாடகைக்குப் பெறப்படும் வீட்டைக் குறிக்கும். சென்னையில் வாடகை வீட்டுக்கான தரகு பெரும்பாலும் ஒரு மாத வாடகைக்குச் சமமாக இருக்கும். சில பகுதிகளில் அரை மாத வாடகையாகவும் பெறப்படுகிறது. உரிமையாளரும் தரகருக்குக் கொடுப்பதுண்டு என்றாலும், பெரும்பாலான நேரங்களில் வீடு தேடி வருபவரே இதனைச் செலுத்துகிறார். செய்தித்தாள் வரி விளம்பரங்களிலும் வாசற்கதவில் தொங்கும் பலகைகளிலும் காணப்படும் "தரகர்கள் தேவையில்லை" என்னும் தொடர் இவ்வகை வீடுகளின் அடையாளமாகும்.

தரகர் செய்யும் பணி இரண்டு கூறுகளைக் கொண்டது. எந்த வீடு காலியாக உள்ளது என்ற தகவலைத் தருவது முதலாவது. முன்பின் அறியாத இருவரிடையே நம்பிக்கையை ஏற்படுத்துவது இரண்டாவது. தரகைத் தவிர்க்க விரும்புபவர் இவ்விரண்டையும் தாமே செய்துகொள்ள வேண்டும். தகவலைத் திரட்டுவது நேரத்தையும் நடையையும் மட்டுமே கோருவது. நம்பிக்கையைப் பெறுவதே கடினமானது. நகரில் உறவும் அறிமுகமும் உள்ளவர்களுக்குத் தரகின்றி வீடு எளிதில் கிடைப்பதற்கும், அவை இல்லாதவர்கள் தரகு கொடுத்தும் அலைவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

தரகும் முன்பணமும்

சென்னையில் குடியேறும்போது செலுத்தப்படும் தொகைகளில் தரகு சிறியது, முன்பணமே பெரியது. "அட்வான்ஸ்" எனப் பரவலாக அழைக்கப்படும் இம்முன்பணம் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையாக இருந்து வந்துள்ளது. அண்மைக் காலத்தில், குறிப்பாகப் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மூன்று முதல் ஆறு மாத வாடகை வரை கேட்பவர்களும் உள்ளனர்.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 15,000 ரூபாய் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தரகு 15,000 ரூபாய். பத்து மாத முன்பணம் 1,50,000 ரூபாய். குடியிருப்பவர் 11 மாதத்தில் காலி செய்தால், தரகு மாதத்துக்கு ஏறத்தாழ 1,364 ரூபாய் கூடுதல் வாடகையாக அமைகிறது. அதாவது வாடகை ஒன்பது விழுக்காடு உயர்ந்ததற்குச் சமம். அவரே மூன்று ஆண்டுகள் தங்கினால் இது மாதத்துக்கு 417 ரூபாயாகக் குறைந்துவிடும். மறுபுறம், முன்பணத்துக்கு உரிமையாளர் வட்டி தருவதில்லை. வங்கியில் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று கொண்டால், 1,50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளில் 27,000 ரூபாய் இழப்பாகிறது. எனவே நீண்ட காலம் தங்குபவருக்குத் தரகைவிட முன்பணமே அதிகச் செலவு வைக்கிறது. தரகைத் தவிர்ப்பதற்காகப் பல வாரங்கள் அலைபவர்கள், உரிமையாளரிடம் முன்பணத்தைக் குறைத்துக் கேட்பதை மறந்துவிடுவது வழக்கம். நேரடியாகப் பேசுவதன் முதன்மையான பயன் இத்தகைய பேரத்துக்கு இடமிருப்பதே. தரகரின் கூலி வீடு முடிவதைப் பொறுத்தது. முன்பணம் குறைவதால் அவருக்கு வரும் பயன் ஏதுமில்லை.

காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்காக ஒரு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் சென்னையில் உள்ளது. இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கழிக்கப்படுவதால், குடியேறும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

சில தரகு அலுவலகங்கள் வீடு முடிவதற்கு முன்பே "பதிவுக் கட்டணம்" என்ற பெயரில் சில நூறு ரூபாய்களைப் பெற்றுக்கொண்டு முகவரிப் பட்டியல் ஒன்றைத் தருகின்றன. அப்பட்டியலில் உள்ள வீடுகள் ஏற்கனவே முடிந்துபோனவையாக இருப்பது உண்டு. வீடு முடிந்த பின்னரே கூலி பெறும் தரகரை இவர்களோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

சட்ட நிலை

வாடகை வீட்டுக்கான தரகு எவ்வளவு, அதனை யார் செலுத்த வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. இந்திய நாடாளுமன்றம் 2016 இல் இயற்றிய நிலம் மனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆயினும் அது மனை மற்றும் அடுக்குமாடி வீடுகளின் விற்பனையில் ஈடுபடும் தரகர்களையே குறிக்கும். வாடகைத் தரகர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. எனவே வாடகைத் தரகு என்பது இரு தரப்பினரும் வாய்மொழியாகப் பேசிக்கொள்வதைப் பொறுத்ததே.

முன்பணத்தைப் பொறுத்தவரை சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இடையிலான தொலைவு பெரிது. தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதை அனுமதிக்கவில்லை. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே சென்னையில் பத்து மாத முன்பணம் வெளிப்படையாகவே பெறப்பட்டு வந்தது. இதே சட்டத்தின்படி, மிகக் குறைந்த வாடகைக் கட்டடங்கள் நீங்கலாக, காலியாகும் கட்டடம் குறித்து உரிமையாளர் அரசு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அரசு விரும்பினால் அதனைத் தன் ஊழியருக்கு ஒதுக்கலாம் என்றும் விதி இருந்தது. காலி வீடுகளின் தகவலை அரசே திரட்டி வைக்கும் ஏற்பாடு ஒன்று ஏட்டளவிலேனும் இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம்.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 கொண்டுவரப்பட்டது. இது 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது என்றும் இச்சட்டம் கூறுகிறது. ஆனால் இருவரும் வேறுவகையில் ஒப்புக்கொண்டிருந்தால் அன்றி என்ற விலக்கும் அதனுடன் சேர்க்கப்பட்டுள்ளது. வீடு தேவைப்படுபவர் எதற்கும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருப்பதால், இவ்விலக்கு விதியையே பெரிதும் வலுவிழக்கச் செய்துவிடுகிறது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் இதற்கெல்லாம் முந்தையது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்கவே அது தோன்றியது. 2019 முதல் ஒப்பந்தக் காலம் எதுவாயினும் வாடகை ஆணையத்தில் பதிவு தேவை என்றாலும், பதினொரு மாதம் என்ற எண் மட்டும் மாறாமல் நிற்கிறது.

தேடும் வழிகள்

காலி செய்பவர் வழியாக

தரகின்றி வீடு பெற மிகச் சிறந்த வழி, வீட்டைக் காலி செய்யப்போகும் குடித்தனக்காரரை அறிந்துகொள்வதே. இதற்கான காரணம் முன்பணத்தில் உள்ளது. பத்து மாத முன்பணத்தைப் பெற்ற உரிமையாளர்களில் பலர் அதனைத் தனியே எடுத்து வைத்திருப்பதில்லை. கட்டுமானக் கடனுக்கோ, பிள்ளைகளின் படிப்புக்கோ, திருமணத்துக்கோ அது செலவாகியிருக்கும். புதிதாகக் குடிவருபவர் தரும் முன்பணத்தைக் கொண்டே பழையவருக்குத் திருப்பித் தருவது வழக்கம். ஆகவே அடுத்த குடித்தனம் வரும்வரை, காலி செய்பவரின் பணம் முடங்கிக் கிடக்கிறது. அவருக்கோ புதிய வீட்டுக்கு முன்பணம் கட்ட அதே தொகை தேவைப்படுகிறது.

இந்தச் சங்கிலியின் விளைவாக, காலி செய்பவருக்கு அடுத்த குடித்தனக்காரரைத் தாமே கண்டுபிடிப்பதில் நேரடியான அக்கறை உண்டாகிறது. கூலி பெறாமலேயே தரகரின் வேலையை அவர் செய்கிறார். மேலும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மேல்வீட்டில் குழாய்க் கசிவு உண்டா, உரிமையாளர் ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்துகிறார் என்பதையெல்லாம் அவரிடமே கேட்டறியலாம். வீட்டை விரைவில் தள்ளிவிடும் அவசரம் அவருக்கும் இருப்பதால், அவர் கூறுவதை அப்படியே ஏற்காமல், பணம் கிடைத்தால் அவர் ஏன் போகிறார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அலுவலக அறிவிப்புப் பலகைகள், நிறுவன ஊழியர்களின் மின்னஞ்சல் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவற்றில் வரும் அறிவிப்புகளில் பல இத்தகையவையே. 2000 ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபின், வேலை மாறும் ஊழியர் ஒருவர் தம் வீட்டை உடன் பணியாற்றுபவருக்குக் கைமாற்றிவிடுவது வேளச்சேரி, துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பகுதிகளில் வழக்கமாயிற்று. ஒரே வீட்டில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அடுத்தடுத்துக் குடியிருப்பதை இப்பகுதிகளில் காணலாம்.

பலகையும் நடையும்

"டு-லெட்" பலகை சென்னையின் மிகப் பழைய முறைகளில் ஒன்று. வீட்டு வாயிலில் அட்டையோ தகரமோ தொங்கவிடப்படுகிறது. மயிலாப்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், பெரம்பூர் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில், முதிய உரிமையாளர்கள் பலர் பலகையைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்வதில்லை. இவ்வீடுகள் இணையத்தில் தோன்றுவதே இல்லை. எனவே விரும்பும் பகுதியைத் தெருத்தெருவாக நடந்து பார்ப்பது இன்றும் பயனுள்ள முறையாகும். இரு சக்கர வாகனத்தில் செல்பவரின் கண்ணுக்கு முதல் மாடியில் கட்டிய அட்டை தப்பிவிடும்.

பலகையில் தொலைபேசி எண் இருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு. தரகர்களும் அதே தெருக்களில் நடந்து அந்த எண்களைக் குறித்துக்கொள்கின்றனர். காலையில் பலகையில் கண்ட வீடு மாலையில் தரகரின் பட்டியலில் இருக்கும். உரிமையாளரைத் தாமே அழைத்தவர் பின்னர் தரகருடன் அதே வீட்டுக்குச் சென்றால், தரகு கேட்கப்படும். எந்தெந்த வீடுகளை ஏற்கனவே பார்த்தாயிற்று என்று முகவரியுடன் குறித்து வைத்துக்கொண்டு, தரகருடன் புறப்படும் முன்பே அதைச் சொல்லிவிடுவது பிற்பாடு எழும் சச்சரவைத் தவிர்க்கும்.

தெருமுனை இஸ்திரிக்காரர், மளிகைக் கடைக்காரர், தண்ணீர்க் கேன் போடுபவர், பால் அல்லது செய்தித்தாள் போடுபவர் ஆகியோர் காலியாகும் வீடுகளை எவருக்கும் முன்பே அறிவர். கேன் வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் அங்கே குடித்தனம் மாறுகிறது என்பது பொருள். அடுக்குமாடிகளில் காவலாளியும் இவ்வாறே. காவலாளிக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம். அது தரகாகுமா என்பது வாதத்துக்குரியது. சில குடியிருப்புகளில் காவலாளி வட்டாரத் தரகருடன் தொடர்பு வைத்திருப்பார். அத்தகைய இடங்களில் உரிமையாளரின் எண் வெளியே வராது.

செய்தித்தாள்கள்

தி இந்து, தினத்தந்தி போன்ற நாளிதழ்களின் வரி விளம்பரங்கள் இணையத்துக்கு முந்தைய காலத்தில் முதன்மையான வழியாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை இதழைக் காலையிலேயே வாங்கிக்கொண்டு, விளம்பரத்திலுள்ள எண்களை வரிசையாக அழைப்பது அன்றைய வழக்கம். பிற்காலத்தில் மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், அண்ணாநகர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் ஆகிய வட்டார வார இதழ்கள் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. ஒரு பகுதிக்குள் மட்டும் தேடுபவருக்கு இவற்றின் சிறு விளம்பரங்கள் பெரிதும் உதவின.

இணையதளங்கள்

1998 இல் தொடங்கப்பட்ட சுலேகா, 2005 இல் தொடங்கப்பட்ட 99ஏக்கர்ஸ், 2006 இல் தொடங்கப்பட்ட மேஜிக்பிரிக்ஸ் ஆகிய தளங்களில் உரிமையாளர்களும் தரகர்களும் விளம்பரம் செய்கின்றனர். உரிமையாளர் விளம்பரங்களை மட்டும் காட்டும் வசதி இத்தளங்களில் இருந்தாலும், தரகர்கள் தம்மை உரிமையாளராகப் பதிவு செய்துகொள்வதால் அது முழுப் பயன் தருவதில்லை. 2014 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் சென்னைக்கும் விரிவடைந்த நோபுரோக்கர், பெயருக்கேற்பத் தரகர்களை விலக்குவதையே தன் தொழிலின் அடிப்படையாகக் கொண்டது. இதில் சில உரிமையாளர்களின் தொடர்பு இலவசமாகக் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படுவோர் கட்டணத் திட்டத்தில் சேர வேண்டும். இக்கட்டணம் ஒரு மாத வாடகையைவிடக் குறைவானது. அவ்வகையில் பார்த்தால் தரகு மறையவில்லை, வடிவம் மாறியிருக்கிறது.

விளம்பரம் செய்பவர் தரகரா என்பதை ஓரளவு கண்டறியலாம். ஒரே எண் வேறு பகுதி வீடுகளுக்கும் தரப்பட்டிருத்தல், "அது முடிந்துவிட்டது, அதே போல் வேறு இருக்கிறது" என்ற மறுமொழி, சரியான முகவரி கூறாமல் ஓரிடத்தில் வந்து நிற்கச் சொல்லுதல் ஆகியன அறிகுறிகள். மின்கட்டணம் யார் பெயரில் வருகிறது, வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று கேட்டால், உரிமையாளர் தயங்காமல் சொல்வார்.

பருவம்

சென்னையில் வீடுகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காலியாவதில்லை. பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்கள் இடம் மாறுவதால் அப்போது காலி வீடுகளும் தேடுபவர்களும் ஒருங்கே பெருகுகின்றனர். ஆடி, மார்கழி ஆகிய தமிழ் மாதங்களில் புதுவீட்டில் பால் காய்ச்சுவதைப் பலர் தவிர்க்கின்றனர். எனவே ஆனி மாதத்துக்குள் முடியாத வீடு ஆடி முழுவதும், அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, பூட்டியே கிடக்கலாம். ஒரு மாத வாடகையை இழக்கும் நிலையிலுள்ள உரிமையாளர், இக்காலத்தில் வாடகையையோ முன்பணத்தையோ குறைக்க இசைவது உண்டு. தரகரின்றி வருபவரையும் வரவேற்பார். இவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்கு ஆடி மாதமே உகந்த காலமாகும். சில உரிமையாளர்கள் ஆனியிலேயே பால் காய்ச்சிவிட்டு ஆடியில் குடிவரச் சொல்வர்; வாடகை எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதை அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

சரிபார்த்தல்

தரகர் இல்லாதபோது, வாடகைக்கு விடுபவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதைத் தேடுபவரே உறுதி செய்துகொள்ள வேண்டும். சொத்துவரி ரசீது, மின்கட்டண அட்டை ஆகியவற்றிலுள்ள பெயரை அடையாள அட்டையுடன் ஒப்பிடுவது எளிய வழி. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். கதவு எண் மட்டும் தெரிந்தால் போதாது. சர்வே எண் அல்லது பத்திர எண் தேவைப்படும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து உறவினர் ஒருவர் வாடகைக்கு விடுவதாயின், அவருக்கு அதிகாரப் பத்திரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மாத வாடகை இன்றிப் பெருந்தொகை ஒன்றை முன்கூட்டிச் செலுத்திக் குடியிருக்கும் போக்கிய முறையில் இச்சரிபார்ப்பு மேலும் முக்கியமானது. சென்னையில் இது "லீஸ்" எனப்படும். வீட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர், தாமே உரிமையாளர் போன்று அதனைப் போக்கியத்துக்கு விட்டுப் பல இலட்சம் பெற்றுக்கொண்டு மறைவதும், சில மாதம் உரிமையாளருக்கு வாடகை கட்டிவிட்டு நிறுத்துவதும் இத்தகைய மோசடியின் பொது வடிவம். ஏமாந்தவர் பணத்தையும் இழந்து, வீட்டையும் காலி செய்ய நேரிடுகிறது.

இணைய விளம்பரங்களில் மற்றொரு மோசடி பரவியுள்ளது. தம்மைப் படைவீரர் என்றோ துணைப்படை அலுவலர் என்றோ கூறிக்கொள்பவர், பணிமாற்றம் காரணமாக வீட்டை நேரில் காட்ட இயலாது என்பார். அடையாள அட்டையின் படத்தை அனுப்பி நம்ப வைத்து, சிறு முன்தொகை கேட்பார். உரிமையாளர்களிடம் இதே மோசடி தலைகீழாக நடக்கிறது: முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புவர், அதனை வருடி இரகசிய எண்ணை இட்டால், பணம் வருவதற்குப் பதிலாகப் போகும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எப்போதும் தேவையில்லை. வீட்டினுள் சென்று பார்க்கும் முன் எத்தொகையும் செலுத்தாதிருப்பதும், "டோக்கன்" தொகையாயினும் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெறுவதும் பாதுகாப்பானவை.

தண்ணீரும் வெள்ளமும் சென்னையில் தனியே விசாரிக்கப்பட வேண்டியவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, பல குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளை மட்டுமே நம்பியிருந்தன. இம்மூன்று ஆண்டுகளிலும் அத்தெருவில் என்ன நடந்தது என்பதை எதிர்வீட்டாரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உரிமையாளரும் தரகரும் இதனைத் தாமாகச் சொல்வது அரிது. சுவரில் இடுப்புயரத்தில் நீர்க்கறை உள்ளதா, கீழ்ப்பகுதியில் மட்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டுள்ளதா என்றும் பார்க்கலாம். தனி மின்மீட்டர் உள்ளதா என்பதும் கேட்கத்தக்கது. துணை மீட்டர் உள்ள போர்ஷன்களில் உரிமையாளரே ஓர் அலகுக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொள்வார். மின்வாரியம் வீடுகளுக்கு வழங்கும் இலவச அலகுகள் குடித்தனக்காரருக்குக் கிடைக்காமல் போகும்.

வீடு மறுக்கப்படுவோர்

தரகின்றி வீடு தேடும் முறை எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. சென்னையில் உரிமையாளர்கள் பலர் குடிவருபவரின் சாதி, மதம், உணவுப் பழக்கம், திருமண நிலை ஆகியவற்றை முதலிலேயே கேட்கின்றனர். "குடும்பத்தினருக்கு மட்டும்", "சைவ உணவினருக்கு மட்டும்" என்ற குறிப்புகள் பலகைகளிலேயே எழுதப்படுகின்றன. எழுதப்படாத நிபந்தனைகள் தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வெளிப்படும். முஸ்லிம்கள், தலித்துகள், மணமாகாத ஆண்கள், தனியே வாழும் பெண்கள், திருநர்கள், வடகிழக்கு மாநிலத்தவர், திரைத்துறையின் கீழ்நிலைப் பணியாளர்கள் ஆகியோர் மறுப்பை மிகுதியும் எதிர்கொள்கின்றனர். வழக்கறிஞர், காவலர் ஆகியோருக்கும் சிலர் வீடு தருவதில்லை. காலி செய்யச் சொன்னால் போகமாட்டார்கள் என்ற அச்சமே காரணம்.

தனியார் உரிமையாளர் இவ்வாறு மறுப்பதை எல்லாப் பிரிவினருக்கும் பொருந்தும் வகையில் தடுக்கும் பொதுச்சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 15 ஆவது உறுப்பு முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துகிறது. சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மேற்கொண்ட ஆய்வு 2015 இல் எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வெளியானது. வாடகைச் சந்தையில் தலித்துகளும் முஸ்லிம்களும் மறுப்பையும் கடுமையான நிபந்தனைகளையும் எதிர்கொள்வதை அது காட்டியது.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட ஐவர் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன்பின் சென்னை மாநகரக் காவல்துறை, வாடகைக்கு இருப்போரின் விவரங்களை உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டும் என ஆணையிட்டது. இவ்வாணைக்குப் பின்னர், அறிமுகமில்லாத வெளிமாநில இளைஞர்களுக்கு வீடு கொடுப்பதில் தயக்கம் கூடியது.

இச்சூழலில் தரகரின் பணி வேறொரு பொருளைப் பெறுகிறது. எந்த உரிமையாளர் யாருக்கு வீடு தருவார் என்பதை வட்டாரத் தரகர் அறிவார். பத்து வாசல்களில் பெயரைச் சொல்லி மறுக்கப்படுவதைவிட, தரும் ஒருவரிடம் நேரே அழைத்துச் செல்பவருக்குக் கூலி கொடுப்பதே மேல் என்று பலர் முடிவு செய்கின்றனர். அதாவது நகரில் அறிமுகமும் ஏற்புடைய பின்னணியும் உள்ளவர் ஒரு மாத வாடகையை மிச்சப்படுத்துகிறார். மறுக்கப்படுபவர் அதனைச் செலுத்துகிறார். பெரும்பாலும் இவர்களிடமே முன்பணமும் கூடுதலாகக் கேட்கப்படுகிறது. மறுபுறம், பாகுபாட்டை நடைமுறைப்படுத்துபவராகவும் தரகர் செயல்படுகிறார் என்ற விமர்சனம் உண்டு. உரிமையாளர் வாய்திறந்து கேட்காமலேயே "அவர்களுக்கு வேண்டாம்" என்பதைத் தரகர் வடிகட்டிவிடுகிறார்.

மறுப்பைச் சந்திப்போர் கையாளும் வழிகளும் உள்ளன. தம் சமூகத்தவர் மிகுதியாக வாழும் பகுதியில் தேடுவது பரவலானது. திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு முதலிய பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் இவ்வாறு வீடு பெறுகின்றனர். திருவல்லிக்கேணியின் மேன்சன்கள் மணமாகாத ஆண்களுக்குத் தரகும் பத்து மாத முன்பணமும் இன்றி அறை தந்து வந்தவை. வேலை தேடிச் சென்னைக்கு வந்த தலைமுறைகள் பல அங்கேயே தொடங்கின. உரிமையாளர் உடன் வசிக்காத அடுக்குமாடி வீடுகளில், குறிப்பாக முதலீட்டுக்காக வாங்கப்பட்டவற்றில், கேள்விகள் குறைவு. ஆயினும் அங்கு குடியிருப்போர் சங்கம் தன் விதிகளை முன்வைப்பதுண்டு.

பிற நகரங்களில்

பெங்களூரிலும் நெடுங்காலம் பத்து மாத முன்பணமும் ஒரு மாதத் தரகும் வழக்கில் இருந்தன. மும்பையில் தரகரின்றி வீடு கிடைப்பது சென்னையைவிட அரிது.

தரகை யார் செலுத்துவது என்பதைச் சில நாடுகள் சட்டத்தால் தீர்த்துள்ளன. செருமனியில் 2015 சூன் 1 முதல், தரகரை அமர்த்தியவரே கூலி தர வேண்டும் என்ற விதி வாடகை வீடுகளுக்கு நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2019 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், குடிவருபவரிடம் முகவர்கள் பெற்றுவந்த பெரும்பாலான கட்டணங்களைத் தடை செய்தது. நியூயார்க் நகரில், உரிமையாளர் அமர்த்திய தரகருக்கும் குடிவருபவரே கூலி தரும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்நகர மன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றிய சட்டம் அதனை மாற்றியது. அது 2025 சூன் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகளுக்குப் பின் உரிமையாளர்கள் அக்கூலியை வாடகையில் சேர்த்துவிடுவர் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். அவ்வாறு சேர்க்கப்பட்டாலும், குடியேறும் நாளில் ஒருசேரப் பெருந்தொகை தேவைப்படுவதில்லை என்பது ஆதரவாளர்களின் மறுமொழி. தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாடகைத் தரகு பற்றிய இத்தகைய விதி எதுவும் இடம்பெறவில்லை.